மெரூன் சாயமும் நான்கு தண்ணீரும்

எட்டு மாதமாகக் கையாலேயே தைத்த குயில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை. வெள்ளையும் மெரூனுமாக ஐந்து அங்குலச் சதுரங்கள், நடுவில் பருத்திப் பஞ்சு, மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க வெள்ளை நூலில் ஓட்டுத்தையல். முடித்த கையோடு மெஷினில் பச்சைத் தண்ணீரில் மென்மையாகத்தான் ஓட்டினேன். அது நின்ற பிறகு வேறு வேலையில் மறந்துபோய் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். மெரூனை ஒட்டியிருந்த வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஸ். மடிந்து கிடந்த இடங்களில் ஈறு நிறத்தில் திட்டுத் திட்டாக. வயிற்றைப் பிசைந்தது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல வெயில்ல போடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். கொடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். நல்ல வேளையாக அங்கே நின்று யோசித்தேன். துணி ஈரமாக இருக்கிற வரைக்கும்தான் ஏறிய சாயத்தை இறக்குவது சுலபம். காய்ந்தால் பிடிவாதம் பிடிக்கும். இஸ்திரி, டிரையர் சூடு பட்டால் இன்னும் மோசம். திரும்ப உள்ளே கொண்டுவந்து ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிவைத்தேன்.

அடுத்த யோசனை உப்பும் வினிகரும். இதில் எனக்கும் அம்மாவுக்கும் சின்ன வாக்குவாதம். பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு போடுவார்கள், உண்மைதான். ஆனால் அது தண்ணீரில் இருக்கும் சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளத்தான். இங்கே எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்களுக்கு உதவும். பருத்தியில் ஒன்றையும் பிடித்துவைக்காது. குளோரின் பிளீச் பக்கம் போகவே இல்லை. வெள்ளையை மீட்கப் போய் மெரூனையும் நூலையும் சேர்த்துப் பறிகொடுக்க வேண்டியதுதான். போதாததற்கு, அதோடு வினிகர் கலந்தால் விஷவாயு வேறு.

சாயம் ஏன் போகிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. 1956இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்பவை. ஆனால் சாயத்தொட்டியில் அதில் ஒரு பங்கு இழைக்குப் பதிலாகத் தண்ணீரோடேயே வினைபுரிந்துவிடும். அந்தப் பங்குக்கு அப்புறம் பிணையும் சக்தி இல்லை, துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலையிலேயே சூடான தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி அதை வெளியேற்ற வேண்டும். அலசல் குறைந்தால் மிச்சம் நம் வீட்டில் வெளியேறும். என் மெரூன் இந்த ரகமாக இருந்தால் பிழைத்தேன்: இருப்பது வெளியேறிவிட்டால் தானாக நின்றுவிடும். 1884இல் காங்கோ ரெட் என்ற சிவப்புச் சாயத்தில் தொடங்கிய, இழையோடு வேதிப் பிணைப்பு போடாத டைரக்ட் சாய ரகமாக இருந்தால் ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். எது என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊறப்போட்டுத்தான் தெரியும்.

பெரிய குளியல் தொட்டி ஒன்று கிடைத்தது நல்லதாகப் போயிற்று. தண்ணீர் ஏராளமாக வேண்டும். கொஞ்சத் தண்ணீரில் கிளம்பிய சாயம் திரும்பத் துணியில்தான் உட்காரும். அறுபது டிகிரி வெந்நீர், சமையலறைத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். அதில் நிறம் சேர்க்காத பாத்திரம் தேய்க்கும் லிக்விட் அரை கப். கிளம்பிய சாயத்தைத் தண்ணீரிலேயே மிதக்க வைப்பது அதன் வேலை. இந்தச் சூட்டில் கையை விட முடியாது. ரப்பர் கையுறையும் ஒரு மரக்கரண்டியும் வைத்து அமுக்கினேன்.

குயில்ட் உள்ளே காற்றைப் பிடித்துக்கொண்டு வயிறு உப்பி மேலே வந்தது. நடுவில் தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் தண்ணீர் அடர்ந்த சிவப்பு, சிவப்பு மையைக் கரைத்த மாதிரி. ஒரு மூலை மட்டும் ராத்திரி எப்போதோ நழுவி தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலையில், நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே, கடலோரத்தில் அலை விட்டுப்போன கோடு போல மெல்லிய மெரூன் வளைவு. துணி திரி போலத் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுத்திருக்கிறது. தண்ணீர் ஆவியாக, சாயம் அந்த விளிம்பிலேயே தங்கிவிட்டது. முழுக்க மூழ்க வேண்டும் என்பது எவ்வளவு முக்கியம் என்று அதைப் பார்த்துத்தான் உறைத்தது.

இரண்டாம் தண்ணீரிலும் அதே சூடு, அதே லிக்விட், அதே பன்னிரண்டு மணி நேரம். இந்த முறை நான்கு மூலைக்கும் நான்கு தட்டு. ஒவ்வொரு முறையும் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மொண்டு வெள்ளைத் தாளின் முன்னால் வைத்துப் பார்த்தேன். தொட்டியில் பார்க்கும்போது நிறம் ஏமாற்றும். இரண்டாவது டம்ளர் நல்ல ரோஸ். மூன்றாவதில் ரோஸ் இருக்கிறதா என்று சந்தேகம். நான்காவது வெறும் தண்ணீர். இடையில் ஒரு தடவை சாயப்பிடிப்பு திரவம் போடலாமா என்று ஆசை வந்தது. வேண்டாம் என்று விட்டேன். அது மெரூனைப் பிடிப்பதோடு வெள்ளையில் ஏறிய ரோஸையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடும். கறை போகும் வரை அதற்கு வேலை இல்லை.

ஈரக் குயில்ட் பிணக்கனம். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கைத்தையல் தெறிக்கும் என்பதால், தண்ணீரை வடித்துவிட்டு ஒரு பெரிய போர்வையைக் கீழே செருகி இரண்டு பேராகத் தூக்கினோம். முறுக்கவில்லை. துண்டுகளின் மேல் பரப்பி, சுருட்டி, மிதித்து ஈரம் எடுத்துத் தட்டையாகக் காயவைத்தோம்.

காய்ந்ததும் ஜன்னலோரம் விரித்துப் பார்த்தேன். வெள்ளைச் சதுரங்கள் வெள்ளை. அந்த மூலையின் வளைவுகூடப் போயிருந்தது. ஓட்டுத்தையல் நூலில் மட்டும் நாலைந்து இடத்தில் லேசான ரோஸ் நின்றது, தெரிந்து தேடினால்தான் கண்ணில் படும். குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச் முயலலாம், ஆனால் நான் தொடவில்லை. பஞ்சு சுருங்கி, நூற்றைம்பது சென்டிமீட்டர் நீளம் நூற்று நாற்பத்தைந்தாகிவிட்டது. மேற்பரப்பெல்லாம் சின்னச் சின்னச் சுருக்கம். அது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

அடுத்ததற்கு வாங்கி வைத்திருக்கும் கருநீலத் துணியில் ஒரு துண்டு வெட்டி, வெந்நீர் டம்ளரில் போட்டு வைத்தேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் நீலம். முழுத் துணியும் இப்போது தனி வாளியில் ஊறுகிறது; கத்தரிக்கோல் டப்பாவுக்குள் கிடக்கிறது.