கடுவையாற்றில் படகு, திருவாரூரில் ஒரு பகல்: ஐந்தாம் நாள் குறிப்பு

புதுச்சேரியில் புறப்பட்டுக் கடலூர், கொள்ளிடத்து முகத்துவாரத்தை ஒட்டிய பழையாறு, காரைக்கால் என மூன்று இரவுகள் தங்கி, நான்காம் நாள் நண்பகலில் நானும் என் கணவரும் எங்கள் 20 அடிப் பாய்மரப் படகை நாகப்பட்டினத்தில் கடுவையாற்றுக்குள் கொண்டுவந்து சேர்த்தோம். மொத்தத் தொலைவு 70 கடல் மைலுக்குச் சற்று அதிகம். பழையாற்றிலிருந்து காரைக்கால் வரை மட்டும் ஏழு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஐந்தாம் நாள் படகு நகரவே இல்லை. ஆனாலும் அந்த நாளைத்தான் விரிவாக எழுதுகிறேன். படகை விட்டுவிட்டு ஒரு பகல் முழுவதும் ஊருக்குள் போய்வருவது எங்களுக்கு அதுவே முதல் முறை.

போக வேண்டியதாயிற்று என்பதே சரி. முந்தைய நாள் மாலை, நங்கூரத்தையும் அதன் சங்கிலியையும் இணைக்கும் சேக்கிளைக் கழற்றிச் சங்கிலியின் மறுமுனையை மாற்றிப் பூட்ட அவர் முயன்றபோது, கை ஈரத்தில் வழுக்கி, சேக்கிள் ஆணியோடு சேர்ந்து ஆற்றில் விழுந்துவிட்டது. மாற்றுச் சேக்கிள் வைத்திருக்கவில்லை; அது எங்கள் தவறு. நாகையிலேயே ஒன்று வாங்கியிருக்கலாம்தான். ஆனால் திருவாரூர் சுமார் 25 கிலோமீட்டர்தான், பேருந்தில் ஒரு மணி நேரப் பாடு. தேரையும் குளத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லிவந்தேன். சுந்தரர் விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் தேடி எடுத்த கதையை நினைவூட்டி, "ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடலாம், வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

நங்கூரத்தை நம்ப முடியாததால் படகை மீன்பிடிப் படகுகள் அணையும் தளத்தில் கட்டியிருந்தோம். இப்பகுதியில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்பதால், கயிற்றில் இரண்டு முழம் தளர்வு விட்டால் போதும் என்பது எங்கள் கணக்கு. காலையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்ப வாடை. மத்தியானம் கொண்டல் எடுத்துச்சுன்னா படகு அந்தப் பக்கமா ஒருக்களிக்கும், கயிறு கல்லுல தேயும். பின்னால ரெண்டாவது ஒண்ணு போட்டுட்டுப் போங்க" என்றார். வாடை வடக்கிலிருந்து வரும் காற்று; கொண்டல் கிழக்கே கடலிலிருந்து வரும் காற்று. அவர் சொன்னபடியே பின்பக்கத்திலிருந்து ஒரு கயிற்றைக் குறுக்காக இழுத்துக் கட்டினோம். கடலோரக் காவல் நிலையத்துக்கு முந்தைய நாளே தெரிவித்திருந்தோம். ஏழரைக்குப் பேருந்து ஏறினோம்.

பிப்ரவரி மாதம், சம்பா அறுவடை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. சாலையின் ஓரத்தை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். ஊருக்குள் ஓடும் ஆற்றின் பெயர் ஓடம்போக்கி என்று கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெயருக்குப் பிறகு பாலத்தை எதிர்பார்ப்போடு கடந்தோம். எங்கள் படகைத் திருப்பக்கூட அதில் இடம் போதாது.

கீழவீதியில் ஆழித்தேர் நிலையில் நின்றது. ஆழி என்றால் சக்கரம், கடல் இரண்டுமே. அப்பர் தேவாரத்திலேயே வரும் பெயர் இது. அலங்காரம் முழுவதும் ஏறியபின் உயரம் 96 அடி, எடை 300 டன் என்பார்கள். நாங்கள் கண்டது துணியும் மூங்கிலும் ஏறாத மரப்பகுதி மட்டுமே. இத்தனை பெரிய தேருக்குச் சுக்கான் கிடையாது. வடம் இழுப்பவர்களால் முன்னோக்கி நகர்த்தத்தான் முடியும்; வீதி முனையில் தேர் திரும்புவதும், ஓரிடத்தில் நிற்பதும், சக்கரத்தடியில் நொடி தவறாமல் கட்டை கொடுப்பவர்களின் கையில் இருக்கிறது. பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்ந்தது என்றாலும், திருப்புவது இன்றும் கட்டையால்தான். முட்டுக்கட்டை போடுவது என்று நாம் வசையாகச் சொல்வது எவ்வளவு அநியாயம்! நான் தேரின் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் குனிந்து, சக்கரத்தின் இரும்புப் பட்டைக்கும் தரைக்கும் இடையில் கையளவு ஆப்பு எந்தக் கோணத்தில் நுழையும் என்று விரலால் அளந்துகொண்டிருந்தார்.

கோயிலுக்குள் ஒரு வேடிக்கை நடந்தது. நான்கு நாள் படகிலேயே கிடந்தவர்களுக்குக் கரையில் நின்றால் தரை ஆடுவது போலத் தோன்றும். வெளியே நடந்துகொண்டிருந்தவரை தெரியவில்லை. தியாகராசர் சன்னிதியில் அசையாமல் நின்றதும் கல்தளம் மெல்ல ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது. இங்கே இறைவனின் ஆட்டம் அசபா நடனம். திருமாலின் மார்பில் அமர்ந்து, அவருடைய மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு ஆடுவது என்பது ஐதீகம். முந்தைய நாள் மாலை நாகைக் காரோணக் கோயிலில் பார்த்த, விடங்கர் எனப்படும் தியாகராசருக்கு உரியதோ பாராவாரதரங்க நடனம், அதாவது கடலலையின் ஆட்டம். ஏழு விடங்கத் தலங்களில் இந்த இரண்டையும் இந்த வரிசையில், இந்தக் கால்களோடு பார்க்க வாய்த்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அவர் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது பக்தியால் அல்ல.

மனுநீதிச் சோழனின் கல்தேரை விரைவாகப் பார்த்தோம். சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த வீடுகளுக்குப் போக நேரமில்லை. கோயில் ஐவேலி, குளம் ஐவேலி என்பது வெறும் வழக்குச் சொல் அல்ல என்பது கமலாலயத்தின் கரையில் உட்கார்ந்த பிறகே உறைத்தது. நடுவிலிருக்கும் சிறு கோயிலுக்குப் படகில்தான் போக வேண்டும். நாங்கள் போகவில்லை, படியிலேயே கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பன்னிரண்டே முக்கால் மணி அளவில் குளத்தின் மேற்குப் பாதியில் நீரின் தோல் சட்டெனச் சுருங்கிக் கருத்தது. கிழக்குக் கரையோரத்தில் கோயில் மதிலின் மறைவு இருந்ததால் அங்கே மட்டும் தண்ணீர் கண்ணாடியாகவே கிடந்தது. கொண்டல் இவ்வளவு உள்ளே வந்துவிட்டது என்றால் ஆற்றுமுகத்தில் அது ஒரு மணி நேரத்துக்கும் முன்பே தொடங்கியிருக்கும். புளியோதரையைப் பாதியில் கட்டிக்கொண்டு எழுந்தோம்.

போகிற வழியில் பம்புசெட், டிராக்டர் சாமான் விற்கும் கடையில் சேக்கிள் கிடைத்தது. துருப்பிடிக்காத எஃகில் இல்லை. துத்தநாகம் பூசிய 10 மில்லிமீட்டர்தான். "எதுக்குங்க, வண்டி இழுக்கவா?" என்று கடைக்காரர் கேட்டார். நங்கூரத்துக்கு என்றதும் இன்னொன்றையும் எடுத்து வைத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டோம்.

மூன்றரைக்கு ஆற்றங்கரைக்கு வந்தபோது படகு பெரியவர் சொன்னபடியே ஒருக்களித்து நின்றது. முன்கயிற்றில் தளத்தின் விளிம்பு பட்ட இடத்தில் மூன்று புரிகளில் ஒன்று அறுந்து, நார் நாராக மீசை போல நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் பஞ்சாகியிருந்தன. பாரத்தைப் பின்கயிறுதான் தாங்கியிருக்கிறது. தேய்ந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பழைய ரப்பர் குழாயில் ஒரு முழம் நறுக்கிக் கயிற்றின் மேல் உறையாக ஏற்றினோம். புறப்படும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. பெரியவருக்கு வாங்கி வந்த திருவாரூர்க் கதம்பச் சரத்தைக் கொடுத்தபோது, அதை அவர் தன் படகின் முன்முனையான அணியத்தில் சாத்திவிட்டு எங்கள் முடிச்சைப் பார்க்க வந்தார்.

மாலையில் சேக்கிளைப் பூட்டும் வேலை என்னுடையதாயிற்று. இம்முறை படகின் விளிம்பில் உட்காராமல், சங்கிலியை உள்ளே இழுத்து, மடியில் துண்டை விரித்துக்கொண்டு, ஆணியைக் குறட்டால் முறுக்கி, அதன் கண்ணில் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முனையை உள்ளே மடக்கினேன். இரண்டாவது சேக்கிளை அவர் சமையல் பெட்டியில், மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.