மூச்சு திரும்பும் இடம்

ட்ரம்பெட்டில் ஒரு சுரம் கெட்டுப்போவது பெரும்பாலும் அது ஒலிப்பதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. உதடு சரியாக அமர்ந்திருக்கும். விரல் சரியான வால்வில் இருக்கும். காற்றும் நெஞ்சு நிறைய இருக்கும். ஆனாலும் முதல் ஒலி தடித்தோ, உடைந்தோ, சற்றுப் பிந்தியோதான் வெளியே வரும். உள்ளே போன மூச்சு வெளியே திரும்புகிற அந்தக் கணத்தில் தொண்டை சத்தமில்லாமல் சாத்திக்கொள்வதுதான் காரணம். பாரமான பெட்டியைத் தூக்கும்போது மூச்சைக் கட்டி அடிவயிற்றை இறுக்குகிறோமே, அதே காரியம்தான். மருத்துவத்தில் இதற்கு வல்சால்வா என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய அன்டோனியோ வல்சால்வா 1666 முதல் 1723 வரை வாழ்ந்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர். பெட்டி தூக்க உதவுகிற இந்தப் பழக்கம், ஊத நினைத்தவுடன் அழையாமலே வந்து நின்றுவிடும்.

பள்ளியில் மேலைத்தேய வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசித்தவள் நான். மார்ச் மாத வெயிலில் மைதானத்தின் மறுகரை வரைக்கும் கேட்க வேண்டும் என்பது மட்டுமே அப்போது எங்கள் குறிக்கோள். பிறகு படிப்பு, கணக்காளர் வேலை, குழந்தைகள் என்று நீண்ட இடைவெளி. நாற்பதைக் கடந்தபின் மீண்டும் கையில் எடுத்திருக்கிறேன். இப்போது ஒரு நல்ல சுரம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் என்னை இழுத்துச் செல்கிறது.

எனக்குச் சொல்லித் தருபவர் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். ஆயுள் முழுவதும் பாண்ட் வாத்தியக் குழுக்களில் ஊதியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ட்ரம்பெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க விடாமலே பாடத்தைத் தொடங்குவார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, வலது கையைத் தொடைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சு உள்ளே போகப் போகக் கை மேலே எழும், வெளியே வர வரக் கீழே இறங்கும். கை வட்டமாகச் சுற்ற வேண்டும், உச்சியில் நிற்கக் கூடாது. பார்ப்பதற்கு மிக எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கை உச்சியில் ஒரு துளி நேரம் தயங்குவது கண்ணுக்குத் தெரியும். கை நிற்கிற அந்த இடத்தில்தான் தொண்டையும் சாத்தியிருக்கும்.

“பிள்ளை, ஊஞ்சலை உச்சியில் யாராவது பிடித்து நிறுத்துகிறார்களா? அது தானாகத் திரும்புகிறது அல்லவா? மூச்சையும் விட்டுவிடும்” என்பார்.

அதன் பிறகுதான் வாத்தியம். வால்வு எதையும் அழுத்தாமல் வருகிற நடு உயரத்து ஜி சுரம் ஒன்றை, நாக்கால் தட்டாமல், வெறும் காற்றால் தொடங்கச் சொல்வார். முதலில் குழாய்க்குள் காற்று போகிற ‘ஸ்’ என்ற இரைச்சல் மட்டும் கேட்கும். பிறகு, எங்கே என்று சுட்டிக்காட்ட முடியாத ஓர் இடத்தில், உதடு அதிரத் தொடங்கிவிடும். அந்தச் சுரத்தில் உதடுகள் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 350 தடவை திறந்து மூடுகின்றன. அவ்வளவு வேகமான காரியத்தை யாரும் கட்டளையிட்டுச் செய்விக்க முடியாது. காற்றை ஓட விட்டு, உதட்டை அதன் வழியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இரைச்சல் ஒலியாக மாறும் அந்த எல்லையைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் என்னுடைய காலைப் பயிற்சியின் பெரும்பகுதி. எனக்கு அது ஒருபோதும் சலித்ததில்லை.

நாக்கால் தட்டித் தொடங்கினால் தடை நீங்காமலே வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும் என்பதுதான் இதில் உள்ள நுட்பம். சாத்தியிருக்கும் தொண்டையை நாக்கின் வேகம் உடைத்துக்கொண்டு போய்விடும், கேட்பவருக்கும் தெரியாது. மென்மையான ஒரு பாட்டில்தான் பிறகு அகப்படும்.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் சிங்களத் தோழி போயா எனப்படும் ஒரு முழுநிலா நாளில் என்னைத் தன் விகாரைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே ஆனாபானசதி தியானம் பழக்கினார்கள். மூச்சு மூக்கின் நுனியைத் தொடுகிற இடத்தில் கவனத்தை வைத்து, அது நீளமா குட்டையா என்று அறிந்துகொண்டு, அதைத் திருத்தாமல் இருக்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த அமைதி பழக்கமானதாகவே இருந்தது. ஆனால் ட்ரம்பெட்காரிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் மூச்சு வாயால் எடுக்கப்படுவது, பாட்டின் இரண்டு அடிகளுக்கு நடுவில் கிடைக்கும் சிறு இடைவெளியில் ‘ஓ’ என்று வாயைத் திறந்து ஒரே இழுப்பில் நிரப்பிக்கொள்வது. அது இயல்பான மூச்சே அல்ல. திருத்தாமல் இரு என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு பாட்டைக்கூட முடிக்க முடியாது.

நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டது வேறு. தொண்டை சாத்துவதைக் கண்டுபிடித்ததும் “திற” என்று அதட்டினால் அது இன்னும் இறுகும். சாத்தியது என்று மட்டும் அறிந்துகொண்டு, ட்ரம்பெட்டை இறக்கி, அடுத்த மூச்சை எடுத்தால், பல வேளைகளில் அது தானே இளகிவிடுகிறது. கோபமில்லாமல் கவனிப்பதற்கு இவ்வளவு வலு இருக்கிறது என்பதை உடம்பால் அறிந்தது இந்தப் பயிற்சியில்தான்.

சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசித்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸ் உலகெங்கும் உள்ள ஊதுவாத்தியக்காரர்களின் ஆசிரியராக மதிக்கப்படுகிறவர். தசைகளைக் கண்காணிக்க வேண்டாம், மனதில் ஒலிக்கும் பாட்டையும் வெளியே போகும் காற்றையும் மட்டும் நினையுங்கள் என்பது அவருடைய போதனையின் சாரம். கவனம் என்று சொல்லிக்கொண்டு வயிறு, விலா, தோள் என்று ஒவ்வொன்றாகக் காவல் காப்பவர்களுக்கு இது மிகவும் தேவையான பேச்சு. ‘உதரவிதானத்திலிருந்து ஊது’ என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கும் தசை. ஊதும்போது அது தளர்கிறது, தள்ளும் வேலையை வயிற்றுத் தசைகள் செய்கின்றன. அது எங்கே நிற்கிறது என்பதை நம்மால் நேரடியாக உணரவும் முடியாது. உணர முடியாத ஒன்றுக்கு மனதைக் கட்டிவைப்பதைவிட, உதட்டைக் கடந்து போகும் காற்றின் வேகத்தை உணர்வது எவ்வளவோ மேல்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறோம். சுவருக்குச் சுவர் குடித்தனம். அதனால் வார நாட்களில் வாத்தியத்தின் அகன்ற வாயில் ஒலியைக் குறைக்கும் மியூட் என்ற அடைப்பைச் செருகித்தான் ஊதுகிறேன். இதைத் தொடர்மாடியில் பழகுகிற எல்லோரும் அறிந்திருப்பது நல்லது: பயிற்சி மியூட் காற்றை எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்புக்குப் பழகிய உடம்பு, மியூட்டை எடுத்த பிறகும் அதே அளவு தள்ளும். மியூட்டோடு ஊதுகிற நாட்களில் உயர் சுரங்களை நான் தொடுவதில்லை. மெதுவான நீள் சுரங்கள் மட்டும்.

ஞாயிறு விடிகாலையில் மெரின் டிரைவைக் கடந்து, ரயில் பாதைக்கு அப்பால் கற்கள் அடுக்கியிருக்கும் கரைக்குப் போவேன். அங்கே வேறொரு பாடம் இருக்கிறது. அறைக்குள் ஒலி சுவரில் பட்டு நமக்கே திரும்பி வரும். கடற்கரையில் போன ஒலி போனதுதான். காது வெறுமையாக இருக்கும், உடனே இன்னும் பலமாக ஊத வேண்டும் என்று மனம் பரபரக்கும். தோள் உயரும், மவுத்பீஸ் என்ற ஊதுமுனை உதட்டில் அழுந்தும், மேலுதட்டில் சிவந்த வளையம் விழும். அந்தப் பரபரப்பை அது எழும்போதே காண்பதற்குக் கொழும்பில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நான் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதுவும் சரிவராது. வீட்டுக்கு வந்ததும் மென்துணியால் உப்பைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பித்தளையின் பூச்சு அரித்துவிடும்.

ஆடிவேல் திருவிழாக் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வரும்போது நாதஸ்வரக்காரர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அவர்கள் வாயில் வைத்து ஊதும் சீவாளி வேறு, கன்னம் உப்பும் விதம் வேறு, அதை நாங்கள் பின்பற்ற முடியாது. ஆனால் நடந்துகொண்டே, சனத்தின் நெரிசலில், தவிலின் முழக்கத்துக்கு நடுவில், அடுத்த பிடிக்கு முன் மூச்சை எடுக்கிற அந்த நிதானம்! தவில் எவ்வளவு விரைந்தாலும் மூச்சு விரைவதில்லை. கேட்பதற்காகப் போகிறவர்கள் ஒருமுறை அதைப் பார்ப்பதற்காகவும் போக வேண்டும்.

இப்போது மாஸ்டர் ஒரு மெதுவான மாதா பாடலைத் தந்திருக்கிறார். மூன்றாம் அடி நீளமானது. அதன் நடுவில் மூச்சுக்காகப் பென்சிலால் ஒரு குறி இட்டிருக்கிறார். அந்த இடத்தில் மூச்சு எடுத்தால் வசதிதான், ஆனால் மன்றாட்டு பாதியில் அறுந்துபோகிறது. இரண்டாம் அடியின் கடைசிச் சுரத்தைச் சற்றுக் குறைத்து, அங்கேயே நிறைய எடுத்துக்கொண்டால் மூன்றாம் அடியை முழுதாகப் பாடிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசி இரண்டு சுரங்களில்தான் காற்று மெலிகிறது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு விதமாகவும் அவருக்கு ஊதிக் காட்டப் போகிறேன். குறியை அழிப்பதா வைப்பதா என்று அவர் காது சொல்லட்டும்.