உப்புப் பாக்கெட்டில் எழுதிய தேதி

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவதற்காகப் பல் மருத்துவரிடம் போனபோதுதான் எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன் அழுத்தம் பார்த்தவர், சற்று நேரம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார், 172/104. "பல்லை அப்புறம் பார்த்துக்கலாம்மா, முதல்ல ஒரு பொது மருத்துவரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அப்போது எனக்கு வயது 47. தலைவலியோ மயக்கமோ படபடப்போ இருந்ததில்லை. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். நலமாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

பொது மருத்துவர் இசிஜி, சிறுநீரில் புரதம், இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னார். விழித்திரையைப் பார்க்கக் கண் மருத்துவரிடமும் அனுப்பினார். உறுப்புகள் எதிலும் பாதிப்பு இல்லை என்று தெரிந்தபின் அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரை 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். உணவு, நடைப்பயிற்சி, கைமருந்து ஆகியவற்றாலேயே சரிசெய்துகொள்ள முடியாதா என்று கேட்டேன். இந்த அளவில் இருக்கும்போது மாத்திரையை இன்றைக்கே தொடங்க வேண்டும், மற்றவற்றையும் இன்றைக்கே தொடங்கலாம், எண்கள் இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார். அன்று அது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த இரண்டு ஆண்டு அனுபவத்திற்குப் பிறகு, அவர் சொன்ன வரிசைதான் சரியான வரிசை என்று உறுதியாகச் சொல்வேன்.

வீட்டில் அளக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். முதல் வாரம் எண்கள் தாறுமாறாக வந்தன. காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப் பத்து நாளாயிற்று. காலையில் டிகிரி காபி குடித்த கையோடு அளந்துகொண்டிருந்தேன். காபிக்குப் பிறகு அரை மணி நேரமாவது போக வேண்டும். கட்டிலில் காலைத் தொங்கவிட்டு, பேசிக்கொண்டே அளந்தேன். முதுகுக்குச் சாய்மானம் வைத்து, பாதங்கள் தரையில் படிய, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தபின் அளக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை கைப்பட்டை. கருவியோடு வந்த பட்டை 32 செண்டிமீட்டர் வரையுள்ள கைக்கானது. என் மேற்கையின் சுற்றளவோ 34. பட்டை சிறிதாக இருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை வாங்கிய பிறகே என் நோட்டில் இருந்த எண்களை நான் நம்பத் தொடங்கினேன். காலை மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்க வேண்டும். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் அழுத்தம். மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் என் சராசரி 146/92.

அடுத்தது உப்பு. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாங்கள் ஒன்றும் அதிகம் சேர்ப்பதில்லை என்றுதான் நானும் மருத்துவரிடம் சொன்னேன். தொழில் கணக்கு எழுதுவது என்பதால், சொன்னதைச் சரிபார்க்காமல் இருக்க முடியவில்லை. புதிதாகப் பிரித்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டில் பென்சிலால் தேதி எழுதி வைத்தேன். வீட்டில் நாங்கள் நான்கு பேர். இருபத்து மூன்றாம் நாள் பாக்கெட் காலி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 கிராம். வடித்த நீரோடு கொஞ்சம் போயிருக்கும் என்று கழித்தாலும், கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், மிக்சர் இந்தக் கணக்கில் வரவேயில்லை. அன்று இரவு அந்தக் காலிப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் செய்தது தவறான காரியம். இந்துப்பு இரத்த அழுத்தத்திற்கு நல்லது என்று பலரும் சொன்னதைக் கேட்டு, வீட்டில் உப்பை எடுத்துவிட்டு இந்துப்பை வைத்தேன். ஒரு மாதம் கழித்தும் நோட்டில் எந்த மாற்றமும் இல்லை. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்; நிறம் வேறு, விலை வேறு. போதாததற்கு, வெறும் இந்துப்பில் அயோடினும் சேர்ந்திருக்காது. சோடியம் குறைத்த உப்பு என்று கடைகளில் கிடைப்பது வேறு வகை. அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அது அழுத்தத்தைக் குறைக்க உதவக்கூடியதுதான் என்றாலும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்ட்டன் போன்ற சில அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

அளவைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று தெளிந்தபின், உப்பு ஜாடிக்குள் மருந்துக் குப்பியோடு வந்த 5 மில்லிலிட்டர் கரண்டியைப் போட்டு வைத்தேன். என் மாமியார் கையால் அள்ளிப் போட்டே பழகியவர். அவர் கை அள்ளுவதை ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 14 கிராம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? வீடே பத்தியம் இருக்கணுமா?" என்று வருத்தப்பட்டார். "ஒரேயடியா குறைக்க வேண்டாம் அத்தை, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்" என்று கேட்டுக்கொண்டேன். சோறு உப்பில்லாமல் வடித்தோம். மோரில் உப்பை நிறுத்தி, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டோம். சட்னியில் பாதி உப்பு, கூட ஒரு பிழி எலுமிச்சை. பொரியலுக்கு அடுப்பை அணைத்த பிறகு உப்புத் தூவினால் குறைந்த அளவிலேயே நாக்குக்கு எட்டும் என்பதை மாமியாரே கண்டுபிடித்துச் சொன்னார். அப்பளமும் மோர்மிளகாயும் விசேஷ நாளுக்கு என்று ஒதுக்கப்பட்டன. முதல் மூன்று வாரம் சாப்பாடு சப்பென்றுதான் இருந்தது. ஆறாவது வாரத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாம்பாரை வாயில் வைத்தபோது எங்கள் நால்வருக்குமே கரித்தது.

நடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடியற்காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நாற்பது நிமிடம், வாரத்திற்கு ஐந்து நாள். எட்டு மாதத்தில் எடை 74 கிலோவிலிருந்து 68க்கு வந்தது. ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும் என்று மருத்துவர் சொன்ன கணக்கு என்னளவில் பெரிதும் பொருந்தியது. மூட்டுவலிக்கு நானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக் மாத்திரையை அவர் நிறுத்தச் சொன்னதையும் இங்கே சேர்க்க வேண்டும். அந்த வகை வலிமாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இனி கைமருந்துகள். அவற்றின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதனாலேயே அவற்றையும் நோட்டில் வைத்து நேர்மையாகப் பார்க்க விரும்பினேன். இரவில் பூண்டுப் பால் குடித்தேன், இப்போதும் குடிக்கிறேன். பூண்டு அழுத்தத்தைச் சிறிதளவு குறைப்பதாக ஆய்வுகள் உண்டு என்றாலும், என் எண்களில் அதன் பங்கைத் தனியாகப் பிரித்துக் காண முடியவில்லை. மருதம்பட்டைக் கஷாயத்தை இரண்டு மாதம் குடித்தேன். பக்கத்துத் திருவிடைமருதூர் பெயர் பெற்றதே மருத மரத்தால்தான் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பற்றும் இருந்தது. நோட்டில் வேறுபாடு தெரியவில்லை. செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்ததும் அப்படியே. பிறகு படித்தபோதுதான், அழுத்தத்திற்காக அதிகம் ஆராயப்பட்டது நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி அல்ல, புளிச்சக் கீரை இனச் செடியொன்றின் சிவந்த புல்லிவட்டம், அதாவது பூவின் அடியில் இருக்கும் உறை, என்று தெரிந்தது. முருங்கைக் கீரையையும் வாழைத்தண்டையும் மருந்தென்று எண்ணாமல் உணவாகவே வாரத்திற்கு மூன்று நாள் சேர்த்தோம். உப்பு மிகுந்த தொடுகறிகளின் இடத்தைக் காயும் கீரையும் பிடித்துக்கொண்டதே ஒரு நன்மை என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் மாதம், சராசரி 126/80க்கு வந்திருந்த நேரத்தில், தொண்டை வறட்சிக்காக நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கினேன். விரல் நீளத் துண்டை இடித்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்துத் தினமும் இரவில் குடித்தேன். தொண்டைக்கு இதமாக இருந்தது. மூன்றாவது வாரம் காலை எண்கள் 138, 144, 151 என்று ஏறின. உப்புக் கரண்டி மாறவில்லை, நடை மாறவில்லை, மாத்திரையும் விடவில்லை. கணுக்கால் வீங்கியது; விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிறைந்தது. அம்லோடிபினுக்கே கால் வீக்கம் வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் மாத்திரையைத்தான் சந்தேகித்தேன்; நானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் போனது என் நல்ல காலம். நோட்டைப் புரட்டியவர், புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அதிமதுரத்தைச் சொன்னதும் உடனே பொட்டாசியம் பார்க்கச் சொன்னார், 3.2 இருந்தது, 3.5க்குக் கீழே போகக்கூடாது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடலில் சோடியத்தையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றும் என்று விளக்கினார். நிறுத்திய நான்காவது வாரத்தில்தான் எண்கள் பழைய நிலைக்குத் திரும்பின.

மூலிகைக்குச் சக்தி இல்லை என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடு இல்லாமற்போனது அதற்குப் பிறகுதான். சர்ப்பகந்தா வேரைக் கொண்டு உயர் இரத்த அழுத்தத்திற்குச் சிகிச்சையளித்த அனுபவத்தைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு உலகமெங்கும் மாத்திரையாயிற்று. கடுமையான மனச்சோர்வு அதன் பக்கவிளைவாகச் சொல்லப்பட்டது. அழுத்தத்தை இறக்கும் வேர் உண்டு, ஏற்றும் வேரும் உண்டு. ஆகவே குடிப்பது எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள் என்று, என்னிடம் கேட்கிற ஒவ்வொருவரையும் வற்புறுத்துகிறேன்.

பதினான்காம் மாதம் மருத்துவர் அம்லோடிபினை 2.5 மில்லிகிராமாகக் குறைத்தார். அதையும் நிறுத்தலாமா என்று போன முறை கேட்டேன். எண்கள் நன்றாக இருப்பதில் மாத்திரைக்கும் பங்கிருக்கிறது, ஆறு மாதம் போகட்டும் என்றார். நானும் தலையசைத்தேன். சென்ற வாரச் சராசரி 124/78. பல்லைப் பிடுங்கியாயிற்று. உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுவது இப்போது மாமியாரின் வேலை. கடைசிப் பாக்கெட் 44 நாள் வந்தது. ஆளுக்கு 5.7 கிராம். இந்தப் பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.