பருவு எந்த? ரேஸ் கணக்குக்கு ஒரு நோட்டு

காட்பாடியில் நின்றால் கிழக்கே கிண்டி, மேற்கே பெங்களூரு. இரண்டு ரேஸ் கோர்ஸுக்கும் ஒரே ரயில் பாதைதான். வடக்கே கொஞ்ச தூரம் போனால் சித்தூர். இந்த வட்டாரத்தில் ரேஸ் புக்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்களின் பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. குதிரையின் பெயரைச் சொன்னதுமே அவர்கள் கேட்பது "பருவு எந்த?" என்றுதான். ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரை சுமக்கும் எடை எவ்வளவு என்று அர்த்தம். கேள்வி சரிதான். ஆனால் 58 கிலோ என்றோ 52 கிலோ என்றோ பதில் வந்தவுடன் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கணக்கு நின்றுபோகிறது.

எடை எங்கிருந்து வருகிறது? கிளப்பின் ஹேண்டிகேப்பர், அதாவது எடையை நிர்ணயிப்பவர், ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் (திறமைக்கான மதிப்பெண்) போட்டு வைத்திருக்கிறார். நம் நாட்டில் ஒரு பாயின்ட்டுக்கு அரை கிலோ. ரேட்டிங் 40 முதல் 65 வரை உள்ள குதிரைகளுக்கான ரேஸில் 65 ரேட்டிங் குதிரைக்கு 60 கிலோ என்றால், 52 ரேட்டிங் குதிரைக்கு 13 பாயின்ட் குறைவு, அதாவது 6.5 கிலோ குறைத்து 53.5. எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அவர் எங்கே தவறிவிட்டார் என்று தேடுவது நம் வேலை. டிப்ஸ் கேட்பவருக்கும் நோட்டு எழுதுபவருக்கும் இதுதான் வித்தியாசம். முன்னவருக்கு எது ஜெயிக்கும் என்று தெரிய வேண்டும். பின்னவருக்கு எந்த ரேட்டிங் தப்பு என்று தெரிய வேண்டும்.

அடிப்படைக் கணக்கு இது. 1000, 1200 மீட்டரில் ஒரு லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) ஏறக்குறைய 1.25 முதல் 1.5 கிலோவுக்குச் சமம். 1400, 1600-ல் 1 கிலோ. 2400-க்குப் போனால் முக்கால் கிலோவுக்கும் கீழே. ஒரு லெங்த் என்பது சுமார் 2.4 மீட்டர். இப்போது 1400 மீட்டரில் 58 கிலோ சுமந்த ஒரு குதிரை, 55 கிலோ சுமந்த இன்னொன்றை 2 லெங்த்தில் ஜெயித்தது என்று வையுங்கள். 3 கிலோ கூடச் சுமந்தது, மேலும் 2 கிலோ மதிப்புக்கு முன்னால் வந்தது. ஆக 5 கிலோ, அதாவது 10 பாயின்ட் மேலான குதிரை. அடுத்த முறை அதே தூரத்தில் அதற்கு 60, தோற்றதற்கு 53 என்று எடை வந்தால் வித்தியாசம் 7 கிலோ. காகிதத்தில் தோற்ற குதிரை 2 லெங்த் முன்னால் வர வேண்டும்.

வராது. பெரும்பாலும் வராது. ஏன் என்று பார்ப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவை முழுவதும் இருக்கிறது.

முதல் காரணம், லெங்த் பொய் சொல்லும். ஜெயித்த ஜாக்கி கடைசி 50 மீட்டரில் திரும்பிப் பார்த்து ஓட்டுவதைத் தளர்த்தியிருந்தால் அந்த 2 லெங்த் உண்மையில் 4. எட்டாவதாக வந்த குதிரை 14 லெங்த் பின்னால் என்று ரிசல்ட்டில் அச்சாகும். அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை, ஏனென்றால் வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் ஜாக்கி ஓட்டுவதை நிறுத்திவிடுவார். முதல் நான்கு இடங்களுக்கு மட்டும் லெங்த் கணக்குப் போடுங்கள். அதற்குப் பின்னால் வந்தவற்றுக்கு ரீப்ளே பார்த்துக் குறிப்பு மட்டும் எழுதினால் போதும்.

இரண்டாவது, வளைவு. இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. அரை வட்ட வளைவில் ரெயிலிலிருந்து (பாதையின் உள்பக்க வேலி) ஒரு மீட்டர் வெளியே ஓடினால் 3.14 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பை (π) கணக்குதான். இரண்டு குதிரைக்கு வெளியே, ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி ஓடியது என்றால் 6 மீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட இரண்டரை லெங்த். 1 லெங்த்தில் தோற்ற குதிரை வளைவு முழுக்க வெளியே ஓடியிருந்தால், அது தோற்றதாகவே நோட்டில் எழுதக் கூடாது. ஸ்டார்ட்டுக்கும் முதல் வளைவுக்கும் இடையில் தூரம் குறைவாக உள்ள ரேஸ்களில் வெளி டிரா (ஸ்டார்ட்டில் வெளிப்பக்க இடம்) வந்த குதிரைக்கு இது அடிக்கடி நடக்கும். புல்லைக் காப்பாற்ற ஃபால்ஸ் ரெயில் (தற்காலிக உள்வேலி) போட்ட நாளில் எல்லாக் குதிரையும் கூடுதல் தூரம் ஓடும். அன்றைய நேரத்தை மற்ற நாளோடு ஒப்பிடும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேகம். முதல் பாதியை எல்லோரும் சேர்ந்து மெதுவாக ஓட்டி, கடைசி 400-ல் மட்டும் பாய்ந்தால் வித்தியாசங்கள் சுருங்கிவிடும். நல்ல குதிரையும் சுமார் குதிரையும் அரை லெங்த்துக்குள் வந்து நிற்கும். அந்த ரேஸை வைத்து ரேட்டிங் போட்டால் சுமார் குதிரையைத் தூக்கி வைத்துவிடுவோம். இதற்கு மருந்து நேரக் கணக்கு. ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஜெயித்த நேரங்களைச் சேர்த்து வையுங்கள். பதினைந்து இருபது சேர்ந்ததும் நடுவில் வரும் எண்ணை எடுத்தால் அதுதான் அந்த வகுப்பின் வழக்கமான நேரம். பிறகு ஒரு நாளின் ரேஸ்களை அதோடு ஒப்பிடுங்கள். ஐந்து ரேஸில் 1.2, 0.9, 1.4, 1.1 வினாடி அதிகம், ஒன்று மட்டும் 0.1 குறைவு என்று வந்தால், அன்று தரை 1.1 வினாடி மெதுவு. அந்த ஒரு ரேஸ் உண்மையில் 1.2 வினாடி மேலானது. வினாடிக்கு ஆறு லெங்த் என்று பார்த்தால் ஏழு லெங்த். அதில் நான்காவது வந்த குதிரைகூட அடுத்த முறை கவனிக்க வேண்டியது. தரை ஈரத்துக்கு கிளப்கள் தரும் பெனட்ரோமீட்டர் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். எண் ஏறினால் தரை மெத்தென்று ஆகிறது என்று அர்த்தம்.

இனி ரேட்டிங் வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடம். 00–25, 20–45, 40–65, 60–85, அதற்கு மேல் 80 முதல். 44 ரேட்டிங் குதிரை கீழ் வகுப்பில் ஓடினால் ஏறக்குறைய டாப் வெயிட் (அந்த ரேஸின் அதிகபட்ச எடை), 59.5. அதே குதிரை மேல் வகுப்பில் ஓடினால் 21 பாயின்ட் குறைவு, 49.5. பத்து கிலோ வித்தியாசம்! பார்த்தவுடன் மேல் வகுப்பில் எடை லேசு என்று கை அங்கேதான் போகும். பெரும்பாலும் அது தவறு. மேல் வகுப்பில் ஆரம்ப வேகமே அதிகம், அந்தக் குதிரை 600 மீட்டருக்குள் மூச்சு வாங்கும். தவிர, 49.5-க்கு இறங்கக்கூடிய ஜாக்கிகள் மிகச் சிலர். நல்ல ஜாக்கி 51-க்குக் கீழே இறங்க முடியாது என்றால் 1.5 கிலோ ஓவர்வெயிட், அதாவது 3 பாயின்ட் அப்படியே போயிற்று. சின்ன வகுப்பில் டாப் வெயிட் சுமக்கும் குதிரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். பெரிய உடம்புள்ள குதிரைக்கு 1400 மீட்டர் வரை 60 கிலோ ஒன்றும் பாரமில்லை.

ரேஸ் புக்கின் மற்ற சின்ன எழுத்துகளில் நாக்கைக் கட்டும் நாடா, ஷூ, பிளிங்கர்ஸ் (பக்கவாட்டில் பார்க்க விடாத கண்மறைப்பு) எல்லாம் இருக்கும். முதல் முறை பிளிங்கர்ஸ் கட்டினால் கவனியுங்கள், மூன்றாவது முறை அதில் செய்தி இல்லை. குதிரையின் உடல் எடை முக்கியம். ஓய்வு முடிந்து வரும்போது 20 கிலோ கூடியிருந்தால் ஒரு ரேஸ் பொறுத்திருங்கள். காலை ஒர்க்கில் (பயிற்சி ஓட்டம்) "600 மீட்டர் 40 வினாடி, ஈஸி" என்று போட்டிருந்தால் மேலே உட்கார்ந்தவர் எத்தனை கிலோ என்று யாரும் எழுதுவதில்லை, அதனால் நேரத்தைவிட "ஈஸி", "புஷ்ட்" (விரட்டி ஓட்டியது) என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு ஒர்க்கை மட்டும் நம்பாதீர்கள், மூன்று வாரத்து ஒர்க்கை வரிசையாக அடுக்குங்கள்.

பணம் பற்றி இரண்டு வரி. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் 1996-ல் சொன்னது. ஆனால் திறமை இருப்பதும் லாபம் வருவதும் வேறு வேறு. ஆட்ஸ் 2/1 என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு 33 சதவீதம் என்று கணக்கு, 3/1 என்றால் 25, 4/1 என்றால் 20. ஒரு ரேஸில் 2/1, 3/1, 4/1, 5/1, 6/1, 9/1, 9/1 என்று ஆட்ஸ் இருந்தால் கூட்டிப் பாருங்கள், 129 வரும். 100-க்கு மேலே உள்ள அந்த 29 புக்கியின் பங்கு. அதற்கும் மேல் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதுவும் லாபத்தின் மேல் இல்லை, கட்டும் தொகையின் மேல். நோட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தச் சுவரை ஏறிக் குதிப்பது கஷ்டம். காகிதத்திலேயே ரேட்டிங் போட்டு, ரிசல்ட்டோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்கு ஒரு பைசா செலவில்லை.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு என்று ஒரு விஷயம் உண்டு. பெங்களூரில் ஓடிய குதிரை சென்னைக்கு வருவது வேலூர், ஆம்பூர் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில்தான், 350 கிலோமீட்டர் சொச்சம். வண்டிப் பயணத்தில் உடல் எடை குறையும், தண்ணீர் குடிக்காமல் அடம் பிடிக்கும் குதிரைகளுக்கு இன்னும் அதிகம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், கிண்டி கடற்கரைக்குப் பக்கம், புழுக்கம். அங்கே நன்றாக ஓடிய குதிரை இங்கே பேடக்கிலேயே (ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடம்) வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றால் அதன் ரேட்டிங்கை அன்றைக்கு மறந்துவிடுங்கள். கழுத்தில் லேசான ஈரம் பரவாயில்லை. பின்னங்கால் இடுக்கில் வெள்ளை நுரை தெரிந்தால்தான் கவலை. இரண்டு ஊர் ரேட்டிங்கையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள். பெங்களூருக்கு நீல மை, சென்னைக்குக் கறுப்பு. குதிரை ஊர் மாறி மூன்று ரேஸ் ஓடிய பிறகு இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியை ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். அழித்து எழுத வேண்டி வரும்.