முதுகில் ஒழுகிய டேங்க்

"ஒண்ணும் ஆகாது தம்பி, புல்லுக்கு அடிக்கிற மருந்துதானே" என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன்.

வரப்பில் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார். வெறுங்கால். முகத்தில் துண்டுகூட இல்லை.

சட்டை முதுகோடு ஒட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். கிட்டப் போனதும் மருந்து வாடை. டேங்க் மூடி கசிகிறது.

டப்பாவைப் பார்த்தேன். கிளைபோசேட்.

2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்று வகைப்படுத்திய மருந்து. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. சண்டை இன்னும் ஓயவில்லை.

கலிபோர்னியாவில் பள்ளி வளாகங்களில் இதை அடித்த டிவெய்ன் ஜான்சனும் வேலையில் இப்படித்தான் நனைந்தார். பிறகு நிணநீர்ப் புற்றுநோய். மருந்துக் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். 2018-இல் நீதிமன்ற நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இங்கேயும் 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவு போட்டது, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே இதை அடிக்கலாம் என்று. வரப்பில் நிற்கும் அண்ணனிடம் அதை யார் வந்து சொன்னார்கள்?

சட்டையைக் கழற்றச் சொல்லி மோட்டார் போட்டுவிட்டேன். சோப்பு தேய்த்துக் குளித்தார்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. திரும்பப் போய், அந்தச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு ஊற வைக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.