சார்ஜர் ஹாலில் இருக்கட்டும்

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் காலை 5.30க்கு எழுந்தால்தான் பள்ளி பஸ்ஸைப் பிடிக்க முடியும். 6 முதல் 12 வயதுக்குக் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். அப்படியென்றால் இரவு 8.30க்குப் படுக்கை. 10.30 வரை போன் பார்த்த பிள்ளை காலையில் கத்துவது பிடிவாதம் இல்லைங்க, தூக்கக் குறைவு.

பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுள் செயலியான ஃபேமிலி லிங்க்கில் இரவு 8 மணிக்குப் பூட்டு வைத்தாலும் பாட்டியின் போன் திறந்தே கிடக்கும். அதற்கும் பின் நம்பர் போடுங்கள். டிவி யூடியூப்பில் ஆட்டோபிளேயை அணையுங்கள்.

சண்டை அதிகம் வெடிப்பது கேமில்தான். மொபைல் லெஜண்ட்ஸ் ஒரு மேட்ச் சுமார் 15 நிமிடம் ஓடும்; நடுவில் நிறுத்த முடியாது, பாதியில் விட்டால் கேமுக்குள் அபராதம். அந்த நேரம் பார்த்துப் பிடுங்கினால் வீடு ரணகளம்தான். 7.40க்கே, "இதுதான் கடைசி மேட்ச், சரியா?" என்று கேட்டுவிடுங்கள்.

"அலாரத்துக்குப் போன் வேணும்மா" என்றால் தனிக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். எல்லார் சார்ஜரும் ஹாலில், அப்பாவுடையதும் சேர்த்து. பல வீடுகள் சறுக்குவது இங்கேதான். வகுப்பு வாட்ஸ்அப்பில் ராத்திரி வரும் வீட்டுப்பாடத்தை அம்மாவோ அப்பாவோ தாளில் எழுதிக் கொடுக்கலாம்.