தோ பாயோவில் பின்னலாடை அணிந்த மரங்கள்

சிங்கப்பூருக்குச் செல்பவர்களில் பலர் மரினா பேயையும் செந்தோசாவையும் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். நான் இம்முறை தோ பாயோவில் சித்தி வீட்டருகிலேயே பெரும்பாலும் இருந்துவிட்டேன். அவருடைய அடுக்குமாடி புளோக்குக்கு முன்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அக்கம்பக்கத்தார் நூலில் பின்னிய ஆடை அணிவித்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மாக்டா சாயெக் என்பவர் 2005ஆம் ஆண்டு தம் கடைக் கதவின் கைப்பிடிக்குப் பின்னலுறை மாட்டினார். பொது இடங்களில் இருப்பவற்றுக்குப் பின்னலாடை அணிவிக்கும் இக்கலை உலகெங்கும் பரவியதற்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். பல நகரங்களில் இரவோடு இரவாக, எவரையும் கேட்காமல் மரங்களுக்கும் கம்பங்களுக்கும் நூல் சுற்றிவிடுகிறார்கள். பொதுச் சொத்தில் கிறுக்கினால் பிரம்படிவரை விதிக்கக்கூடிய சட்டம் 1966 முதல் நடப்பிலுள்ள சிங்கப்பூரில் முறைப்படி அனுமதி பெற்று, பட்டப்பகலில்தான் செய்ய முடியும். இதனால் கலையின் துடுக்கு போய்விடுகிறது என்று வாதிடுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஒளிந்து செய்கிற வேலையில் சித்தியும் அடுத்த வீட்டு மலாய் அம்மாவும் எதிர்வீட்டுச் சீனப் பாட்டியும் ஒரே பெஞ்சில் அமர்ந்து குரோஷே ஊசியோடு மாலைப்பொழுதுகளைக் கழித்திருக்க முடியாது.

உள்ளங்கையளவு சதுரங்களைத் தனித்தனியே பின்னி, கறுப்பு நூலால் விளிம்போடு விளிம்பு இணைத்து, நீண்ட துணியாக்கியிருந்தார்கள். அடிமரம் ஒரே பருமனில் இராததால், வெவ்வேறு உயரங்களில் டேப் வைத்து அளந்திருந்தார்கள். ஆணியும் பசையும் இல்லை. துணியை மரத்தைச் சுற்றி இழுத்து, பெரிய கண்ணுள்ள ஊசியால் பின்பக்கம் தைத்தார்கள். வேண்டுமென்றே சுற்றளவைவிடச் சற்றுச் சிறிதாகப் பின்னியிருந்ததால், இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடிப்பது என் வேலையாயிற்று.

“நல்லா இழுத்துப் பிடிப்பா. தொளதொளன்னு இருந்தா ஒரு மழைக்கே கீழ எறங்கிடும்” என்றார் சித்தி.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் அது. எனவே எளிதில் மட்காத அக்ரிலிக் நூலையே வாங்கியிருந்தார்கள். ஆனாலும் ஈரம் தங்கினால் பட்டைக்குக் கேடு என்பதால், கழற்றும் தேதியையும் முன்கூட்டியே குறித்திருந்தார்கள். 1963இல் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ் என்ற சாலை வட்டத்தில் மெம்பாட் மரக்கன்றை நட்டுத் தொடங்கிவைத்த மரநடு இயக்கத்தின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு இந்த அக்கறை இயல்பாகவே இருக்கிறது. கழற்றிய துணிகளைத் துவைத்து, சாயம் போகாத சதுரங்களைப் போர்வையாகத் தைக்கப் போகிறார்கள். அதற்கான கறுப்பு நூலைச் சித்தி இப்போதே வாங்கி வைத்துவிட்டார்.